பாட்டுக் களவும் தண்டனையின் அளவும்

திரைப்படப் பாடல்களை உரிமையாளரின் அனுமதி இல்லாமல் படியெடுத்து விற்பவரை, நீதிமன்ற விசாரணை எதுவும் இன்றி 12 மாதம் வரை சிறையில் வைத்திருக்கத் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. மக்கள் வாயில் ‘குண்டாஸ்’ என்று வழங்கும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டம் அது. கள்ளச்சாராயம் விற்போர், போதைப்பொருள் கடத்துவோர், ரவுடிகள், குடிசைப் பகுதி நிலங்களை அபகரிப்போர் போன்றவர்களை மனத்தில் வைத்து எம்.ஜி.ஆர். ஆட்சியில் இயற்றப்பட்டது. 2004-இல் ஜெயலலிதா ஆட்சியில் திருட்டு வீடியோக் குற்றவாளிகள் என்ற வகையும் அதில் சேர்ந்தது. திருட்டு விசிடியை ஒழிப்பதுதான் நோக்கம். ஆனால் சட்டம் தரும் விளக்கம் படத்தோடு நிற்கவில்லை. படத்தின் ஒலித்தடத்தில் ஒரு பகுதியைப் பதிந்த தட்டும் அதற்குள் வருகிறது. ஆகவே பாட்டும் வருகிறது. கர்நாடகம் இதே வகையிலான தன் சட்டத்தின் தலைப்பிலேயே ஒளித்திருட்டோடு ஒலித்திருட்டையும் எழுதி வைத்திருக்கிறது.

எடுத்துக்காட்டாக, திண்டுக்கல் மாவட்டத்தில் இந்தத் தடுப்புக்காவல் ஆணையைப் பிறப்பிப்பவர் நீதிபதி அல்லர், மாவட்ட ஆட்சியர். காவல் கண்காணிப்பாளரின் பரிந்துரையைப் பார்த்து, இவர் வெளியே இருந்தால் பொது ஒழுங்கு கெடும் என்று ஆட்சியர் மனநிறைவு கொண்டால் போதும். கைதானவருக்கு 5 நாளுக்குள் காரணம் சொல்ல வேண்டும். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும். ஆவணங்கள் 3 வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்தின் முன் போக வேண்டும். 7 வாரத்துக்குள் கழகம் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் கழகத்தின் முன் வழக்கறிஞரை நிறுத்தும் உரிமை கிடையாது. பிணைக்கும் இடமில்லை. மிஞ்சியிருக்கும் முக்கிய வழி, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வீட்டார் போடும் ஆட்கொணர்வு மனுதான். அது விசாரணைக்கு வந்து முடிவதற்குள் மாதங்கள் பல கழிந்துவிடுவதுண்டு.

இதே குற்றத்துக்குச் சாதாரணச் சட்டமும் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வணிக லாபத்துக்காகச் செய்யாதவருக்கு நீதிபதி இதைவிடக் குறைத்தும் தண்டிக்கலாம். இந்தக் குற்றம் பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்கது, பிணையில் விடத்தகாதது என்று 2022-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2023-இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டம், படத்தைத் திருடிப் பதிவு செய்பவருக்கு 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம் போடுகிறது. அது படத்தின் தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரை போகலாம். சட்டத்தின் கை ஏற்கெனவே நீளமாகத்தான் இருக்கிறது.

இங்கே மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கொடுக்கப்படாத பாட்டை எடுத்துக்கொள்வது களவா? களவு என்றால் அதன் எடை என்ன? அந்த எடைக்கு மேல் தண்டிக்க அரசுக்கு உரிமை உண்டா? முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்று சொன்னவுடன் மூன்றாவதற்கும் விடை கிடைத்துவிட்டதாகப் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். விவாதம் வழி தவறுவது அங்கேதான்.

பழக்கம் எப்படி வளர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1980-களில் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே திண்டுக்கல்லிலும் ‘ரெக்கார்டிங் சென்டர்’கள் இருந்தன. வேண்டிய பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால் வெற்று கேசட்டில் பதிந்து தருவார்கள். எழுதிக் கொடுத்தவரோ பதிந்து தந்தவரோ தவறு செய்வதாக நினைத்ததில்லை. பிறகு ஒரே தட்டில் நூற்றுக்கு மேல் பாட்டு அடங்கும் எம்பி3 வந்தது. அதன் பின் செல்போன் கடைகளில் மெமரி கார்டில் ‘பாட்டு ஏத்தித் தருவது’ ஒரு தொழிலாகவே ஆனது. நூற்பாலை வேலைக்குப் போகிறவரும் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகும் ஓட்டுநரும் பத்து இருபது ரூபாயில் வேண்டிய பாட்டையெல்லாம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். இணையம் கைக்கு வந்தபோது கடையும் தேவைப்படவில்லை. இவ்வளவு காலமும் இவ்வளவு பேரும் செய்தது ஒரே அளவு குற்றம் அன்று. தனக்காக ஒரு பாட்டை இறக்கிக்கொண்டவரும், நூறு பேருக்கு ஏற்றித் தந்த கடைக்காரரும், ஆயிரக்கணக்கில் தட்டு அடித்து மாவட்டம் முழுதும் அனுப்பியவரும் வேறு வேறு ஆட்கள். 2004-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் விளக்கம் இவர்களுக்குள் எண்ணிக்கையால் கோடு எதுவும் போடவில்லை. நடைமுறையில் குண்டாஸில் உள்ளே போனவர்கள் பெரும்பாலும் தட்டு தயாரித்தவர்களும் விற்றவர்களும்தான், கேட்டவர்கள் அல்லர். ஆனால் கோட்டைப் போடுவது காவல் துறையின் விருப்பமாக இருப்பதும் ஒரு குறைதான்.

முதல் கேள்விக்கு வருவோம். குற்றவியல் சட்டத்தின் பார்வையில் திருட்டு என்பது ஒருவர் கைவசம் இருக்கும் அசையும் பொருளை அவர் சம்மதமின்றி அங்கிருந்து நகர்த்துவது. 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமும் இன்றைய நியாய சன்ஹிதாவும் இதையே சொல்கின்றன. பாட்டைப் படியெடுத்தால் உரியவரிடம் இருந்த பாட்டு போய்விடுவதில்லை. அமெரிக்காவில் எல்விஸ் பிரெஸ்லியின் பாடல்களைத் திருட்டுத்தனமாகத் தட்டடித்து விற்ற வழக்கில், பதிப்புரிமை மீறலும் பொருள் திருட்டும் ஒன்றல்ல என்று 1985-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றமே இல்லை என்பது அதன் கருத்தல்ல. அது வேறு வகைக் குற்றம், அதற்கு வேறு அளவுகோல் வேண்டும் என்பதே.

சமயங்களின் பார்வை இதைவிடக் கண்டிப்பானது. பழனிக்கு அருகே ஐவர்மலையில் 9-ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் இன்றும் இருக்கின்றன. அங்கே தவமிருந்த துறவிகளின் நெறியில் களவுக்கு அளவு, உரியவருக்கு நேர்ந்த இழப்பு அன்று. கொடுக்கப்படாததை எடுத்தாலே களவு. பௌத்தத்தின் இரண்டாவது சீலமும் இதுவே. அந்த அளவில் பார்த்தால், பாட்டு அங்கேயே இருக்கிறதே என்ற வாதம் எடுபடாது. இஸ்லாமிய அறிஞர்களின் பன்னாட்டு ஃபிக்ஹ் பேரவை 1988-இல் நூலாசிரியர் உரிமை, கண்டுபிடிப்பாளர் உரிமை போன்றவற்றை மார்க்கம் காக்கும் உரிமைகளாக ஏற்றது. திருக்குறளின் ‘கள்ளாமை’ அதிகாரமோ, பிறர் பொருளை வஞ்சித்துக் கொள்ள மனத்தால் எண்ணுவதையும் குற்றம் என்கிறது.

ஆனால் வள்ளுவர் அந்த அதிகாரத்தை வைத்த இடம் கவனிக்கத் தக்கது. கள்ளாமை 29-ஆவது அதிகாரம், அறத்துப்பாலின் துறவறவியலில் வருகிறது. அரசன் தண்டிக்கும் முறையைப் பேசும் செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்தசெய்யாமை ஆகிய மூன்றும் பொருட்பாலில் 55 முதல் 57 வரை இருக்கின்றன. எடுப்பவன் தன் நெஞ்சைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று. அரசு தன் கையை எவ்வளவு ஓங்கலாம் என்பது இன்னொன்று. முதலாவதில் எண்ணமே குற்றம் என்னும் அளவுக்குக் கண்டிப்புக் காட்டிய அதே புலவர், இரண்டாவதில் தக்கபடி ஆராய்ந்து குற்றத்துக்கு ஒத்த அளவில் தண்டிக்கச் சொல்கிறார். ஓங்கும்போது கடுமையும் அடிக்கும்போது மென்மையும் வேண்டும் என்கிறார். துறவிக்கு வைத்த அளவைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் சிறைக்கு வெளியே யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

பாட்டுக்கு உடைமை உண்டா என்பதிலும் தமிழ் மரபுக்குச் சொந்த வழி ஒன்று இருந்தது. தேவாரப் பதிகத்தின் கடைசிப் பாட்டில் சம்பந்தர் தம் பெயரையும் ஊரையும் சொல்லி, இதைப் பாடுவோர் பெறும் பயனையும் சொல்லி முடிப்பார். யாரும் பாடலாம், பாடினால் நன்மை. ஆனால் பாடியவர் பெயர் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது, பிரிக்க முடியாது. தை மாதம் திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக் கூட்டம் திருப்புகழையும் காவடிச் சிந்தையும் பாடிக்கொண்டு போகிறது. யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. படியெடுப்பது புண்ணியம், பெயரை மறைப்பது பாவம் என்பதே ஏட்டுச்சுவடிக் காலத்து ஒழுங்கு.

பாட்டு எல்லோருக்கும் பொது என்று சொல்ல இந்த மரபைத் துணைக்கழைப்பவர்கள் அதன் மறுபாதியை மறந்துவிடுகிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும் பக்கவாத்தியத்துக்கு 2 பேரையும் ராஜராஜன் அமர்த்தினான். அவர்களுக்கு நாள்தோறும் நெல் அளந்தான். கல்வெட்டு அதைச் சொல்கிறது. பாட்டு இலவசமாக இருந்தது, பாடகர் பட்டினி கிடக்கவில்லை. நெல் அளக்கும் கை போன பிறகு, பாட்டை விற்ற காசில்தான் இசையமைப்பாளரும் வாத்தியக்காரரும் கோரஸ் பாடியவரும் சாப்பிட வேண்டியிருக்கிறது. பழைய நெல்லுக்கு ஈடாக எதையும் தராமல் பழைய சுதந்திரத்தை மட்டும் கேட்பது நியாயமாகாது.

சின்னாளபட்டியை அடுத்து 1947-இல் காந்திகிராமம் எழக் காரணமான காந்தியிடம் இந்த இரண்டு பக்கமும் உண்டு. ‘இந்திய சுயராஜ்யம்’ நூலின் 1910-ஆம் ஆண்டு ஆங்கிலப் பதிப்பில் உரிமை எதையும் தமக்கு ஒதுக்கிக்கொள்ளவில்லை என்று அச்சிட்டவர் அவர். பிற்காலத்தில் தம் எழுத்தின் உரிமையை நவஜீவன் அறக்கட்டளைக்கு ஒப்படைத்தார்; வருமானம் பொதுப்பணிக்குப் போயிற்று. எரவாடா சிறையிலிருந்து 1930-இல் ஆசிரமத்தாருக்கு எழுதிய கடிதங்களில், தேவைக்கு மேல் வைத்துக்கொள்வதே திருட்டு என்றார். பிறர் சிந்தனையைத் தன்னுடையது என்று உரிமை கொண்டாடுவதையும் திருட்டில் சேர்த்தார். இந்த அளவில் நிறுத்தால், பாட்டை இறக்கிக் கேட்டவரைவிட நாட்டுப்புறத்தில் கேட்ட மெட்டை எடுத்துத் தன் பெயர் போட்டுக்கொண்டவர்தான் பெரிய குற்றவாளி. திண்டுக்கல், மதுரை வட்டாரத்துக் கும்மியும் தாலாட்டும் ஒப்பாரியும் திரைக்குப் போய்ப் புகழும் பணமும் ஈட்டியதுண்டு. பாடிய பெண்களின் பெயர் தட்டின் உறையில் வந்தது அரிது. அதற்காக யாரும் குண்டாஸில் போனதில்லை.

பாரதியின் பாடல்கள் பட்ட பாடு இந்த விவாதத்துக்கு நல்ல சான்று. அவர் 1921-இல் மறைந்த பின், அவற்றை இசைத்தட்டிலும் படத்திலும் வானொலியிலும் பயன்படுத்தும் உரிமை கைமாறி ஏவி.எம். நிறுவனத்திடம் வந்தது. 1948-இல் வந்த ‘பில்ஹணன்’ படத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் பாரதி பாடலைப் பயன்படுத்தியபோது உரிமைப் பிரச்சினை எழுந்தது. பாரதியைத் தனியார் ஒருவர் சொந்தம் கொண்டாடலாமா என்று எழுத்தாளர்கள் கிளர்ந்தார்கள். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு 1949-இல் உரிமையைப் பெற்றது. ஏவி.எம். நிறுவனத்தின் மெய்யப்பச் செட்டியார் தம் பங்கை விலை கேட்காமல் விட்டுக்கொடுத்தார். குடும்பத்தாருக்குப் பணம் அளிக்கப்பட்டது. பின்னர் பாரதி எல்லோருக்கும் பொதுவானார். ஒருவரும் சிறைக்குப் போகாமல், உரியவருக்கும் ஈடு கிடைத்து, பாட்டும் விடுதலையானது. நாட்டுடைமை என்ற இந்த ஏற்பாட்டை அதன் பின் தமிழ்நாட்டு அரசு வேறு பல எழுத்தாளர்களின் நூல்களுக்கும் விரித்தது.

கடுந்தண்டனையைக் கேட்பவர்கள் கலைஞர்களின் வயிற்றைக் காட்டுகிறார்கள். காட்டுவதில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை வேறு. 1977-இல் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளருக்காக இசையமைத்தவருக்கும் பாட்டெழுதியவருக்கும், ஒப்பந்தத்தில் வேறாகச் சொல்லியிருந்தால் தவிர, படம் ஓடும்போது ஒலிக்கும் பாட்டில் உரிமை இல்லை என்றது. அதே தீர்ப்பில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், பாடுகிறவருக்குச் சட்டம் இடமே தரவில்லையே என்று வருந்தி எழுதினார். பாடகர் உரிமை 1994-இல்தான் வந்தது. இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் எழுதிக் கொடுத்தாலும் பறிபோகாத உரிமைத்தொகை 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் உறுதியானது. அதாவது, 2004-இல் பாட்டுத் திருடனைக் குண்டர் பட்டியலில் சேர்த்தபோது, பாட்டைப் படைத்தவரில் பெரும்பாலோருக்கு விற்பனையில் சல்லிக்காசு பங்கில்லை. அன்று சட்டம் காத்தது பெரும்பாலும் தயாரிப்பாளரையும் கேசட் கம்பெனியையும்தான். இளையராஜா தம் பாடல்களுக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறியிறங்கியது தெருவோரத்து வியாபாரிகளோடு மட்டும் அன்று, இசைக் கம்பெனிகளோடும்தான்.

ஆயினும் கடுமை வேண்டும் என்போரின் வாதத்தை முழுதாகக் கேட்க வேண்டும். படம் வெளியான அன்றே திருட்டுத்தட்டு வந்துவிடுகிறது. பதிப்புரிமை வழக்கு முடிய ஆண்டுகள் ஆகின்றன. பிடிபட்டவர் பிணையில் வந்து மறுநாளே கடையைத் திறக்கிறார். பின்னால் இருப்பது பெரிய வலைப்பின்னல். ஒரு படம் விழுந்தால் திரையரங்கில் டிக்கெட் கிழிப்பவர் வரை பாதிப்பு. இவை பொய்யல்ல. களவைத் தண்டிக்கத் தயங்கும் அரசை வள்ளுவரும் மெச்சவில்லை. கொடியவரை ஒறுப்பது பயிருக்குக் களை எடுப்பது போன்றது என்ற அவருடைய கருத்துக்கு உரை எழுதிய பரிமேலழகர், அந்தக் கொடியவர் பட்டியலில் கள்வரையும் சேர்த்தார்.

ஆனால் எந்த உரையாசிரியரும் ஆராயாமல் தண்டிக்கச் சொன்னதில்லை. ஆராயாமல் தண்டித்ததன் கதையைத் தமிழர்கள் மறக்கவும் முடியாது. திண்டுக்கல்லுக்குத் தெற்கே 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் மதுரையில், சிலம்பு திருடியவன் என்று பொற்கொல்லன் சொன்ன சொல்லை நம்பி, எதிர்த்தரப்பைக் கேட்காமல் பாண்டியன் ஆணையிட்டான்; கோவலன் வெட்டுண்டான். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் கொடியவன் அல்லன், களவைப் பொறுக்காத அரசன். தப்பு நடந்தது அவன் நோக்கத்தில் இல்லை, முறையில். உண்மை தெரிந்தபோது தானே கள்வன் என்று சொல்லி உயிர்விட்டான். இன்றைய தடுப்புக்காவலில் உயிர் போவதில்லை. ஆனால் ஒருதரப்புச் சொல்லைக் கேட்டு ஆணையிடும் முறை அப்படியே இருக்கிறது. கோவலன் நிரபராதி என்பதால் மட்டும் அந்தக் கதை சுடவில்லை. கேட்காமல் தண்டித்தால் யார் நிரபராதி, யார் குற்றவாளி என்று பிரித்தறிய வழியே இல்லாமல் போகிறது என்பதாலும் சுடுகிறது.

சட்டத்தின் சொந்த அளவுகோலும் இங்கே பொருந்தவில்லை. குண்டாஸ் போட வேண்டுமானால் பொது ஒழுங்கு கெட வேண்டும். சாதாரணச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை வேறு, ஊரையே கலக்கும் பொது ஒழுங்குக் குலைவு வேறு என்று 1965-இல் ராம் மனோகர் லோகியா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. சாதாரணச் சட்டத்தால் தீர்க்க முடிகிற இடத்தில் தடுப்புக்காவல் சட்ட விரோதம் என்று 2011-இல் இதே தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ் வந்த ரேகா வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் காவலில் வைக்கப்பட்டவர் மீதிருந்த புகார், காலாவதியான மருந்துகளை விற்றார் என்பது. உயிரோடு விளையாடும் அந்தச் செயலுக்கே தடுப்புக்காவல் செல்லாது என்றால், படியெடுத்த பாட்டு எந்த ஊரின் ஒழுங்கைக் குலைத்துவிடும்?

திண்டுக்கல்லுக்குச் சொந்தமான ஓர் எடுத்துக்காட்டு இந்த ஓரவஞ்சனையை இன்னும் வெளிச்சமாக்கும். நாகல் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் கையால் செய்யப்படும் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டு பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. போலிப் பூட்டில் திண்டுக்கல் பெயரைப் போட்டு விற்பவருக்குப் புவிசார் குறியீட்டுச் சட்டம் தரும் தண்டனை 6 மாதம் முதல் 3 ஆண்டு, அபராதம் 50 ஆயிரம் முதல் 2 லட்சம். பதிப்புரிமைச் சட்டத்தில் இருப்பதும் இதே அளவுதான். பூட்டுத் தொழிலாளியின் பிழைப்பு திரைத் தயாரிப்பாளரின் பிழைப்பைவிட மெலிந்தது. பலர் தொழிலையே விட்டுவிட்டார்கள். ஆனாலும் போலிப் பூட்டு விற்றவர் மீது குண்டாஸ் இல்லை, இருக்கவும் கூடாது. ஒரே எடையுள்ள இரண்டு தவறுகளில் ஒன்றுக்கு மட்டும் விசாரணையற்ற சிறை என்றால், அந்த வேறுபாடு குற்றத்தில் இல்லை, குரல் கொடுப்பவரின் வலுவில் இருக்கிறது.

வெளிநாடுகளிலும் இந்தக் கடுமை சோதிக்கப்பட்டது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 24 பாட்டுகளைப் பகிர்ந்த ஒரு பெண்ணுக்கு 2007-இல் 2,22,000 டாலர் விதிக்கப்பட்டது. மறுவிசாரணையில் அது 19 லட்சம் டாலரைத் தாண்டியது. பிறகு இறங்கி, 2012-இல் பழைய தொகைக்கே திரும்பியது. பாட்டு ஒன்றுக்கு 9,250 டாலர்! கேட்பவர்கள் மேல் வழக்குப் போடும் முறையை இசை நிறுவனங்களே 2008-இல் பெரும்பாலும் கைவிட்டன. பிரான்சு 2009-இல் மூன்று முறை பிடிபட்டவரின் இணைய இணைப்பைத் துண்டிக்கச் சட்டம் செய்தது. நீதிமன்ற ஆணை இல்லாமல் துண்டிக்கக் கூடாது என்று அந்நாட்டு அரசியலமைப்பு மன்றம் மறித்தது. 2013-இல் அந்தத் தண்டனையே நீக்கப்பட்டது. ஜப்பான் 2012 முதல் பதிவிறக்கம் செய்பவருக்கே 2 ஆண்டு வரை சிறை என்று எழுதி வைத்திருக்கிறது. தண்டனை எவ்வளவு கொடியது என்பதைவிட எவ்வளவு உறுதியாக வந்து சேர்கிறது என்பதே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியின் செசாரே பெக்காரியா 1764-லேயே எழுதினார். இருநூற்றைம்பது ஆண்டுக்குப் பின்னும் அந்தக் கருத்து வலுவிழக்கவில்லை.

பாட்டு ஏற்றித் தரும் கடைகளைக் குறைத்தது குண்டாஸ் அன்று. 2016-இல் ஜியோ வந்து இணையக் கட்டணம் சரிந்ததும், யூடியூபும் ஜியோசாவனும் பின்னர் ஸ்பாட்டிஃபையும் இலவசமாகவோ சிறு கட்டணத்திலோ பாட்டைத் தந்ததும் மெமரி கார்டின் தேவை குறைந்தது. நேர்வழி எளிதானபோது மக்கள் அதிலேயே போனார்கள். இன்றைக்கு மிஞ்சியிருக்கும் கேள்வி, அந்தச் செயலிகள் தரும் காசில் பாட்டைப் படைத்தவருக்கு எவ்வளவு போகிறது என்பது.

கொடுக்கப்படாத பாட்டை எடுப்பது தவறுதான். அதை வைத்துப் பிழைப்பவர் நீதிமன்றத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும்; அவர் ஈட்டியது பாட்டைப் படைத்தவருக்கும் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் போய்ச் சேர வேண்டும். அதற்கு 63-ஆவது பிரிவும் விரைந்து நடக்கும் நீதிமன்றமும் போதும். 2004-இல் குண்டர் சட்டத்தில் சேர்த்த அந்த வகையைத் தமிழ்நாடு சட்டமன்றம் நீக்க வேண்டும்.